ஸ்மார்ட் போர்டு கடைசி பெஞ்சுக்கு என்ன செய்யும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வடசென்னையில் ஓர் உதவி பெறும் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கும் ஆசிரியை. போன வருஷம் வகுப்பறையில் பெரிய தொடுதிரை ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். தினமும் பயன்படுத்த வேண்டும், எந்தப் பாடத்துக்கு எதைக் காட்டினீர்கள் என்று பதிவேட்டில் எழுதவும் வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. "பிள்ளைகள் ஆர்வமாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பரீட்சைத் தாளைத் திருத்தினால் பழைய தப்புகளே திரும்ப வருகின்றன. எனக்குப் பயிற்சி போதவில்லையா? எந்தப் பயிற்சிக்குப் போனால் சரியாகும்?" என்கிறார்.

திரையை இயக்கத் தெரியாததால் வந்த பிரச்சினை இல்லை இது. அது ஒரு மாலையில் பழகிவிடும்; தெரியாவிட்டால் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சொல்லித் தருவான். ஆசிரியர் பயிற்றுநராகச் சென்னைப் பள்ளிகளில் ஏராளமான வகுப்புகளின் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வகுப்பறைக்குள் வரும் கருவிகளில் பெரும்பாலானவை ஆசிரியர் பக்கத்திலிருந்து பிள்ளை பக்கத்துக்கு எதையாவது கொண்டுபோகின்றன. நம் வகுப்புகளில் அந்தத் திசையில் பஞ்சமே கிடையாது. பிள்ளையின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்பது ஆசிரியருக்கு வந்து சேர்வதில்தான் பஞ்சம். சேர்ந்தாலும் பரீட்சைத் தாளில், பாடம் முடிந்து எத்தனையோ நாள் கழித்துச் சேர்கிறது.

மாநகரப் பேருந்தில் டிரைவருக்குச் சாலை தெரியும், கண்டக்டருக்கு ஆட்கள் தெரியும். பின்படிக்கட்டில் ஏறியவர் டிக்கெட் எடுத்தாரா, எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர், தூங்கிவிட்டாரா என்பதெல்லாம் கண்டக்டர் கணக்கு. ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு பல ஆசிரியர்கள் முழுநேர டிரைவர்களாகிவிட்டார்கள். கண் எப்போதும் திரையில், விரல் அடுத்த ஸ்லைடில்.

கருவியின் திசை முக்கியம் என்பதற்குச் சென்னையிலேயே பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1789-ல் எழும்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தினரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி தொடங்கியது. அதன் பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். ஒருநாள் குதிரையில் போகும்போது நம்மூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் முடியாது என்றுவிட்டார்கள். (புதுச் சுற்றறிக்கையைப் பார்த்ததும் நம் ஸ்டாஃப் ரூமில் எழும் குரலுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் வயதாகிறது.) பெல் ஓர் எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் இந்த முறையை, நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாத இதை, 1797-ல் அவர் லண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மெட்ராஸ் காலேஜ் என்ற பெயரில் இன்றும் ஒரு பள்ளி இருக்கிறது.

அந்த முறையின் குறைகளும் தெரிந்தவைதான். மனப்பாடம், கூச்சல், சட்டாம்பிள்ளையின் அதிகாரம் எல்லாம் அதில் உண்டு. எனக்கு அதில் பிடித்தது மணல். மணலில் ஒவ்வொரு பிள்ளையும் எழுதியாக வேண்டும். எழுதியது அந்த நொடியே மேலே நின்று பார்ப்பவர் கண்ணில் படும். 'க'வைத் தலைகீழாகப் போட்டால் அங்கேயே அழித்து அங்கேயே திருத்தலாம்.

இதே குணம் இன்னொரு முறை சென்னைக்கு வந்தது. 2003-ல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் முன்னின்று நடத்தினார்; ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய அட்டை முறைதான் அடிப்படை. 2007-08-ல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அட்டைகள், கற்க வேண்டியதைப் படிப்படியாக வரிசைப்படுத்திக் காட்டும் ஏணிப்படி, பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்காருவது என்று அதைப் பற்றிப் பேசுபவர்கள் பலதையும் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய விஷயமாகத் தெரிந்தது கீழ்மட்டக் கரும்பலகை. சுவரின் அடிப்பகுதி முழுக்கக் கருப்பு வண்ணம் பூசி, கோடு போட்டு, பிள்ளைக்கு ஒரு கட்டம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். அறையின் நடுவில் நின்று ஒரு சுற்று சுற்றினால் யார் கழித்தலில் கடன் வாங்க மறந்திருக்கிறார்கள், யார் 'ர'வுக்கும் 'ற'வுக்கும் தடுமாறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். மின்சாரமும் பாஸ்வேர்டும் தேவைப்படாத டேஷ்போர்டு.

அது ஏன் தேய்ந்தது என்று கேட்பீர்கள். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. பழகிய ஆசிரியர் மாற்றலாகிப் போனார். வந்தவருக்கு ஏணிப்படியின் தர்க்கம் பிடிபடவில்லை. "டீச்சர் பாடமே நடத்துவதில்லை, பிள்ளைகள் அட்டையை வைத்து விளையாடுகிறார்கள்" என்று பெற்றோர் குறைப்பட்டார்கள். சில பள்ளிகளில் அட்டையை முடிப்பதே வேலையாகி, கற்றல் பின்னுக்குப் போனதும் உண்மை. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறார்களே, அந்த யோசனையின் வேர் இங்கேயும் இருக்கிறது.

இதே காலத்தில் வந்த மின் கருவிகளைப் பாருங்கள். 2011-ல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி. 2017-ல் மின்பாடங்களுக்கான திக்‌ஷா தளம். 2018 முதல் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. 2023-ல் பாட வீடியோக்களுக்கான மணற்கேணி செயலி. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், பிறகு ஸ்மார்ட் வகுப்பறை. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சி இல்லாவிட்டால் பல வீடுகளில் பாடம் என்ற பேச்சே இருந்திருக்காது, ஆகவே இவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் ஒரே திசை. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ நம்மிடம் வருகிறது. அதைப் பார்த்த பிள்ளைக்கு என்ன புரிந்தது என்பதை எந்தக் கோடும் நமக்குச் சொல்வதில்லை.

இப்போது உங்கள் வகுப்புக்கு வருகிறேன். தசம எண்களையே எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பில் இதில் தடுமாறாத பிரிவை நான் பார்த்ததில்லை. நீங்கள் ஒரு நல்ல வீடியோ போடுகிறீர்கள். பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, கட்டங்கள் கலர் கலராகப் பிரிகின்றன. முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்கிறீர்கள். "புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்" என்று ஒரே குரல். அந்தக் குரலில் ஒரு தகவலும் கிடையாது. முன்வரிசையில் ஆறேழு பேர் ஆரம்பித்தார்கள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பதில் வீடியோவுக்கு முன்னால் பலகையில் மூன்று எண்களை எழுதுங்கள்: 0.3, 0.45, 0.238. எது பெரியது? முதல் எண்ணுக்கு ஒரு விரல், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. பக்கத்திலிருப்பவனுக்குத் தெரியாமல் விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்ட வேண்டும். மூன்று விரல் காட்டுகிற பிள்ளை புள்ளியை மறந்துவிட்டு 238 என்று படிக்கிறது. முழு எண்களின் பழக்கம் அப்படியே தொடர்கிறது. ஒரு விரல் காட்டுகிற பிள்ளை கொஞ்சம் தூரம் வந்துவிட்டது. பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரியது என்று எங்கேயோ கேட்டு, அப்படியானால் இலக்கம் குறைந்த எண்தான் பெரியது என்று முடிவு கட்டியிருக்கிறது. இரண்டு விரல் காட்டியவர்களுக்குத்தான் விஷயம் தெரியும், அதிலும் சிலர் குருட்டாம்போக்கில் காட்டியிருப்பார்கள். இருபது நொடியில் உங்கள் வகுப்பு மூன்றாகப் பிரிந்து கண்முன் நிற்கிறது.

எண்களைத் தேர்ந்தெடுத்ததில்தான் சூட்சுமம். 0.4, 0.35, 0.125 என்று கொடுத்திருந்தால் இலக்கம் குறைந்ததே பெரியது என்று நினைக்கும் பிள்ளையும் 0.4 என்று சரியான விடையைச் சொல்லி, நம்மை ஏமாற்றியிருக்கும். ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தைக் காட்டிக்கொடுக்கும்படி கேள்வி அமைப்பதுதான் ஆசிரியரின் தொழில்நுட்பம் என்பேன். திரை கம்பெனியின் தொகுப்பில் வரும் வினாடி வினாக்களில் இது அபூர்வம்.

இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தசமம் ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நாம் படித்தபோது கையில் பைசா இருந்தது. 25 பைசா நாணயம் 2011-ல் செல்லாமல் போனது. ஐம்பது பைசாவைக் கொடுத்தால் கடைக்காரர் முறைக்கிறார். ஆகவே 'நாற்பத்தைந்து பைசா' என்று உதாரணம் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. ரேஷன் கடை மின் தராசில் 0.500 என்று வருவதையும் நகைக்கடை ரசீதில் 3.450 கிராம் என்று இருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். அரைக் கிலோ 0.5 என்றும் 0.500 என்றும் இருப்பது ஒன்றுதானா என்று அங்கிருந்து தொடங்குங்கள்.

இப்போது திரையைப் போடலாம். கணக்குப் படங்களை வரைந்து காட்டும் ஜியோஜீப்ரா மென்பொருள் இலவசம். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே எண்கோட்டை வரைந்து, பெரிதாக்கிக்கொண்டே போங்கள். பத்துத் துண்டு தெரியும், 0.2-க்கும் 0.3-க்கும் நடுவே இன்னும் பத்துத் துண்டு தெரியும். 0.238 எங்கே உட்காருகிறது என்பது பிள்ளைகள் கண்முன்னால் நடக்கும். இதைச் சாக்பீஸால் செய்ய முடியாது. திரை இங்கே தன் கூலியைச் சம்பாதிக்கிறது. விரல் காட்டித் தவறிய பிள்ளை இந்தக் காட்சியைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும், ஏனென்றால் அது ஏற்கெனவே ஒரு விடைக்கு வாக்குக் கொடுத்துவிட்டது. கேள்வி முதலில், காட்சி அப்புறம். பெரும்பாலான பள்ளிகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

விரலுக்குப் பதில் ப்ளிக்கர்ஸ் அட்டையைப் பயன்படுத்தலாம். பிள்ளைக்கு ஓர் அட்டை, அதில் கோலம் மாதிரி ஒரு குறி. அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை. ப்ளிக்கர்ஸ் செயலியைத் திறந்து உங்கள் போனை வகுப்பின் மேல் ஒரு வட்டம் காட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். வழக்கமான தொகுப்பில் 40 அட்டைகள், ஜெராக்ஸ் எடுத்து சார்ட்டில் ஒட்டினால் போதும். பிள்ளைகளிடம் போன் தேவையில்லை. இணையம் மக்கர் செய்கிற நாளில் விரல்களுக்குத் திரும்பிவிடுங்கள். நான் பயிற்சிகளில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்துகாட்டுவது வழக்கம். அட்டையில் கூடுதலாகக் கிடைப்பது பதிவு மட்டும். போன வாரம் தவறியவர்கள் இந்த வாரம் தேறினார்களா என்று பார்க்க அது உதவும்.

அறிவியலுக்கும் இப்படித்தான். ஆவியாதலுக்கு வீடியோ எதற்கு? சென்னையில் இருந்துகொண்டு! "வேலூரிலும் வெயில், இங்கேயும் வெயில். இங்கே மட்டும் வியர்வை காயாமல் சட்டை ஒட்டிக்கொள்கிறதே, ஏன்?" என்று கேளுங்கள். வெயில் இங்கே அதிகம் என்பார்கள், கடல் காற்றில் உப்பு இருக்கிறது என்பார்கள், நமக்கு வியர்வை அதிகம் சுரக்கிறது என்பார்கள். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் ஆவியாவது மெதுவாகிறது என்று வந்து சேர அரை பீரியட் ஆகும், ஆகட்டும். திரையை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதற்கும், பொறுமை தாங்காத அளவு மெதுவானதற்கும், பள்ளியில் செய்ய முடியாத அளவு ஆபத்தானதற்கும். செல் பிரிவது, நிலவின் கலைகள், சோடியத்தைத் தண்ணீரில் போடுவது.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடி ஆக்கியபோது விடைகள் நீண்டன, தெரியாது என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது கேட்க அற்பமாக இருக்கும். நின்று பாருங்கள், உங்களுக்கே மூச்சு முட்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று நிர்வாகம் கேட்டால் எடுத்துக்காட்ட இந்தியாவிலேயே நல்லவை இருக்கின்றன. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் மூவரும் டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைச் சோதித்தார்கள். கட்டுரை 2019-ல் வெளியானது. பள்ளி நேரத்துக்கு வெளியே மையத்தில் ஒன்றரை மணி நேரம்: பாதி கணினியில், மீதி சிறு குழுவாக ஓர் உதவி ஆசிரியருடன். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்க அளவு (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) முன்னேற்றம். கல்வி ஆய்வுகளில் இது பெரிய எண். ஆனால் அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்தியது வேறொரு தகவல். அந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒரே வகுப்பறையில் பல வகுப்புகளின் நிலை கலந்து கிடந்தது. மென்பொருள் முதலில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று கேட்டது, அங்கிருந்து கேள்வி கொடுத்தது. பாடத்திட்டப்படி நடந்த வகுப்பு அதைக் கேட்கவில்லை.

இன்னொன்று குஜராத்தில் லீ லிண்டன் செய்தது. ஒரே மாதிரி கணினிப் பாடத்தை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஆசிரியரின் வகுப்பை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் கணினி கொடுத்த இடத்தில் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகக் கற்றார்கள். பள்ளி முடிந்தபின் கூடுதலாகக் கொடுத்த இடத்தில், குறிப்பாகப் பின்தங்கிய பிள்ளைகளுக்கு, லாபம் தெரிந்தது. பெரு நாட்டில் பிள்ளைக்கொரு மடிக்கணினி திட்டத்தை ஆராய்ந்த 2012-ஆம் ஆண்டு அறிக்கை கணக்கிலும் மொழியிலும் மாற்றம் எதையும் காணவில்லை. இவற்றில் கருவி ஏறக்குறைய ஒன்றுதான். அது வகுப்பில் எதை இடம்பெயர்த்தது என்பதைப் பொறுத்து விளைவு மாறியிருக்கிறது. உங்கள் வகுப்பில் அந்த வீடியோ பத்து நிமிஷம் ஓடும்போது எது நின்றுபோகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து நோட்டுகளைப் பார்ப்பதுதான் நிற்கும்.

கருவி பின்னாலிருந்து முன்னால் எதையாவது கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சென்னையில் தினமும் நடக்கிறது. கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் சேர்கிறார்கள்: பீகார், ஒடிசா, ஆந்திரா, நேபாளம். வடசென்னையில் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். அந்தப் பிள்ளை ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்கும். ஆசிரியரும் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் சேர்த்துவிடுவார். போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, இந்தியிலேயே சொல்லச் சொல்லி, தமிழில் கேட்டால் சில சமயம் வகுப்பிலேயே தெளிவான விடை அங்கிருந்து வருகிறது. மொழிபெயர்ப்பு கரடுமுரடாகத்தான் இருக்கும். பரவாயில்லை, அந்தப் பிள்ளைக்குப் பெருக்கல் தெரியும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதே. மூன்று லட்ச ரூபாய்த் திரையால் செய்ய முடியாததை உங்கள் பையிலிருக்கும் போன் செய்கிறது. பாடத்தை இந்தியில் ஓடவிட்டுப் பிள்ளையை மூலையில் உட்கார வைப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் இப்போது எல்லாப் பயிற்சியிலும் கேட்கிறார்கள், ஆகவே இரண்டு வரி. வினாத்தாள் தயாரிக்க அதைக் கேட்பதைவிட, "இந்தக் கணக்கில் ஏழாம் வகுப்புப் பிள்ளை எப்படியெல்லாம் தப்புச் செய்யும்?" என்று கேளுங்கள், வருவதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை மேலே சொன்ன மாதிரிக் கேள்வியாக்கலாம். கலைச்சொற்களை நம் பாடநூலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெயரையும் மதிப்பெண்ணையும் அதில் ஏற்றாதீர்கள்.

அறையைப் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் பயிற்சிகளில் இதை யாரும் பேசுவதில்லை. திரையைக் கரும்பலகையின் மேலேயே மாட்டிவிடுகிறார்கள். முடிந்தால் பக்கவாட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஸ்லைடு போனால் போய்விடும். கரும்பலகையில் எழுதியது பீரியட் முடியும்வரை நிற்கும். ஜப்பானிய ஆசிரியர்கள் ஒரு பாடம் முழுவதையும், பிள்ளைகள் சொன்ன வழிகள் உட்பட, இடமிருந்து வலமாக ஒரே பலகையில் அழிக்காமல் வளர்த்துக்கொண்டு போவார்கள்; தாமதமாகப் புரிகிற பிள்ளைக்குத் திரும்பிப் பார்க்க ஓர் இடம் இருக்கும். அப்புறம் ஜன்னல் வெளிச்சம். காலையில் கிழக்கு ஜன்னல் திரையில் அடித்தால் ஒரு பக்க பெஞ்சுகளுக்குப் பளபளப்பு மட்டும்தான் தெரியும். வகுப்பு இல்லாத நேரத்தில் கடைசி பெஞ்சில், பிள்ளை உட்காரும் உயரத்தில் உட்கார்ந்து உங்கள் ஸ்லைடைப் படித்துப் பாருங்கள். ஃபேன் ஓடும் சத்தத்தோடு வீடியோவைக் கேட்டும் பாருங்கள். பாடநூல் பக்கத்தை அப்படியே திரையில் போடுகிறவர்கள் இந்தச் சோதனைக்குப் பிறகு நிறுத்திவிடுவார்கள்.

இனி பயிற்சி. திரை விற்றவர்கள் நடத்தும் பயிற்சி பேனா நிறத்தை மாற்றுவதோடு முடிந்துவிடும். அதற்கு ஒருமுறை போய்வாருங்கள், தப்பில்லை. அரசுப் பயிற்சிகளில் முதன்மைக் கருத்தாளரிடமிருந்து மாவட்டம், வட்டார வள மையம், குறுவள மையம் என்று இறங்கி வரும்போது கடைசியில் பிபிடி ஸ்லைடுகள் மட்டும் மிஞ்சுகிற ஆபத்து உண்டு. இணையச் சான்றிதழ் வகுப்புகளில் வீடியோவை ஓடவிட்டு வேறு வேலை பார்க்கிறோம் என்பது நமக்குள் தெரிந்த ரகசியம். ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வருகைப் பதிவு, விலையில்லாப் பொருட்கள் கணக்கு, போட்டோ ஏற்றுவது என்று போனில் செய்ய வேண்டிய வேலையே கழுத்துவரை இருக்கிறது.

நான் சொல்லும் பயிற்சிக்கு யாரும் சான்றிதழ் தர மாட்டார்கள். பி.எட். படித்தபோது நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று செய்தோமே, நினைவிருக்கிறதா? தொடங்கும் திறன், வினாக் கேட்கும் திறன், வலுவூட்டும் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் ரெக்கார்டு நோட்டு எழுதினோம். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அது தொடங்கியபோது வீடியோதான் அதன் உயிர்: சில நிமிஷம் பாடம் நடத்துவது, பதிவைப் பார்ப்பது, மறுபடி நடத்துவது. நம்மூருக்கு வரும்போது கேமரா விலை அதிகமாக இருந்ததாலோ என்னவோ நோட்டு மட்டும் வந்தது. இப்போது கேமரா எல்லார் பையிலும் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, போனை மேஜையில் பிள்ளைகளைப் பார்த்த மாதிரி வைத்துப் பதினைந்து நிமிஷம் பதிவு செய்யுங்கள். உங்களைப் பதிவு செய்யத் தேவையில்லை, நம்மை நாம் பார்த்தால் புடவை மடிப்பையும் குரலையும்தான் கவனிப்போம். வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் வகுப்பின் பெஞ்சுகளை வரைந்து, பேசிய ஒவ்வொரு பிள்ளையின் இடத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகள் எங்கே குவிகின்றன என்று பார்த்த பிறகு வேறு பயிற்றுநர் உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்காது. பதிவை அப்போதே அழித்துவிடுங்கள். பிள்ளைகளின் முகம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது.

இதை நம்பிக்கையான ஒரு சக ஆசிரியரோடு சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. அவர் உங்கள் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து புள்ளி வைக்கட்டும், நீங்கள் அவர் வகுப்பில் வையுங்கள். "நல்லா இருந்துது" என்ற பேச்சு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிக்கொள்ளுங்கள். தாளை மட்டும் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

கடைசியாக நிர்வாகம். தினமும் திரை போட வேண்டும் என்பவர்களோடு சண்டை போடாதீர்கள். காசு போட்டவர்களுக்கு அந்தக் கவலை இருக்கத்தான் செய்யும். தசமக் கேள்வியைத் திரையிலேயே எழுதுங்கள், திரையைப் பயன்படுத்தியதாகத்தான் அர்த்தம். பதிவேட்டில் 'காட்டியது' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, கேட்ட கேள்வியையும் எந்தத் தவறான விடையை எத்தனை பேர் சொன்னார்கள் என்பதையும் எழுதத் தொடங்குங்கள். அனுமதி கேட்காமலே எழுதலாம். ஒரு பருவம் கழித்து ஹெச்.எம். அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் உங்களுக்கும் அவருக்கும் பேச ஒரு விஷயம் இருக்கும். பேசும்போது திரையின் பராமரிப்பு ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்குப் பக்கத்துப் பள்ளிகளில் உப்புக் காற்றில் இணைப்புகள் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன, ஒப்பந்தம் முடிந்த பிறகு யாரும் வருவதில்லை.